அலை நீலமாக இருக்க வேண்டும்

டெய்லர் கடையில் பேண்ட் தைக்கக் கொடுத்தவர்கள் அந்த இரண்டு மாதமும் அதைப் பக்கத்து சைக்கிள் கடையின் பின்னால், டயர்களுக்கு நடுவே நின்றுதான் போட்டுப் பார்த்தார்கள். ஏன் என்று கேட்டால் டெய்லரின் மனைவி, "ட்ரையல் ரூம்ல ஸ்டூடியோ நடக்குது" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்க்கப் போய்விடுவாள். அந்த ட்ரையல் ரூம் நான்கடிக்கு நான்கடி. குனிந்து பேண்ட் மாட்டினால் பின்பக்கம் சுவரில் இடிக்கும். அதற்குள் என்ன ஸ்டூடியோ என்று தெருவில் பேசாத வாய் இல்லை. விஷயத்தை முழுசாகத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு. மற்றவர்கள் கேட்க வெட்கப்பட்டார்கள். நமக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது.

டெய்லருக்கு ஒரு தங்கை. முப்பத்தெட்டு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். பிறவியிலேயே பார்வை கிடையாது. பெரிய அரசு அலுவலகம் ஒன்றில் பதினாறு வருடமாக டெலிபோன் ஆபரேட்டர். போனில் ஒருவர் மூச்சை இழுக்கும்போதே அவர் எந்த மாடி, எந்தப் பிரிவு, இன்று மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாரா இல்லையா என்று சொல்லிவிடுவாள். இரண்டு மூன்று தடவை காதில் விழுந்த பேச்சை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லுவாள். அதனால் டெய்லர் வீட்டில் எந்தப் பழைய சண்டையும் பழசாவதே இல்லை.

அந்த அலுவலகத்துக்கு இப்போது ஒரு பெட்டி வந்துவிட்டது. அதுவே போனை எடுக்கிறது, அதுவே "ஒன்றை அழுத்தவும்" என்கிறது. ஆபரேட்டர்கள் ஐந்து பேரும் துறைத் தேர்வு எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். தேறினால் குமாஸ்தா வேலை, தேறாவிட்டால் வீடு. தேர்வு, விதித் தொகுப்பு என்ற நானூற்று இருபது பக்கப் புத்தகத்திலிருந்து. மனப்பாடம் செய்யத் தேவையில்லை, புத்தகத்தை ஹாலுக்குள் கொண்டுபோய்ப் பார்த்தே எழுதலாம். பார்வையில்லாதவர்கள் ஒலிநூலாகக் கொண்டுபோகலாம். ஆனால் அந்த ஒலிநூலுக்கு ஒலிநூல் தரச்சான்று வாரியத்தின் சான்று வேண்டும். விதித் தொகுப்பை அதுவரை யாரும் ஒலிநூலாகச் செய்ததில்லை. செய்யும் அளவுக்கு யாருக்கும் அதன்மேல் ஆசை வந்ததில்லை. தேர்வுக்கு இருந்தது ஐம்பத்தாறு நாள்.

"நான் படிச்சுப் பதிவு பண்ணித் தர்றேன் பாப்பா" என்றார் டெய்லர்.

"படிக்கறது பெரிசில்லண்ணா. சான்று வாங்கணுமே."

"சட்டைக்கு அளவெடுக்கற மாதிரி குரலுக்கும் ஏதோ அளவெடுப்பாங்க. எடுத்துட்டுப் போகட்டும்."

விளையாட்டாகத்தான் சொன்னார்.

வாரியத்தின் வாசலில் 'அமைதி காக்கவும்' என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே அதற்கு ஒரு குறையும் இல்லை. நாலாம் கவுண்டரில் இருந்த குமாஸ்தா ஏழாம் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "என்ன மைக்? என்ன சாஃப்ட்வேர்?" என்றார்.

"இன்னும் வாங்கலைங்க. எது நல்லதுன்னு உங்களைக் கேட்டுட்டு வாங்கலாம்னு..."

"நாங்க எதையும் சிபாரிசு பண்ண மாட்டோம். தள்ளுபடி பண்றது மட்டும்தான் எங்க அதிகாரம்."

"அப்ப எதைத் தள்ளுபடி பண்ணுவீங்கன்னு சொல்லுங்க. அதை விட்டுட்டு வேற வாங்கிக்கறேன்."

"அது நீங்க வாங்கிட்டு வந்தாத்தான் தெரியும்."

டெய்லர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். குமாஸ்தாவுக்கு இரக்கம் வந்தோ என்னவோ, அங்கீகரிக்கப்பட்ட மூன்று சாஃப்ட்வேர்களின் பட்டியல் ஒன்றை நீட்டினார். "இது பட்டியல்தான். சிபாரிசு இல்ல" என்று மறக்காமல் சொன்னார்.

பட்டியலோடு அண்ணனும் தங்கையும் ஒலிக்கருவிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கழுத்தில் ஒரு ஹெட்போன், தலையில் ஒரு ஹெட்போன்.

"என்ன ரெக்கார்டிங் சார்? பாட்டா? இசைக்குழுவா?"

"விடுப்பு விதிங்க. அப்புறம் ஒழுங்கு நடவடிக்கை."

கடைக்காரர் தலையில் இருந்ததைக் கழற்றினார். "ட்ரம்ஸ் வருமா?"

"வராதுங்க."

"பின்னாடி லேசா ஒரு வயலின்?"

"அந்த அளவுக்கு அதுல சோகம் இல்லைங்க."

பட்டியலில் முதல் சாஃப்ட்வேரைச் செய்த கம்பெனியை மூடி ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டாவதை ஓட்ட, இப்போது யாரும் விற்காத பழைய கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். மூன்றாவது கிடைத்தது. அதில் ஒரே சமயத்தில் நூற்று இருபத்தெட்டு பேர் பாடலாம், நானூறு வாத்தியம் வாசிக்கலாம், பாடகர் சுருதி தவறினால் இழுத்து நேராக்கலாம். தனி ஒரு டெய்லர் விதித் தொகுப்பைப் படிப்பதற்கு எந்தப் பட்டனை அழுத்துவது என்பது மட்டும் கடைக்காரருக்கே தெரியவில்லை.

மைக் எடுப்பதில் அவர் உற்சாகமாகிவிட்டார். தங்க நிறத்தில், குழந்தையைத் தூக்குவதுபோல ஒன்றைத் தூக்கிவந்து வைத்தார். "ஈ பறந்தாலும் பதிவாகும்!"

பாப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். டெய்லர் மைக் முன்னால் "விதி ஒன்று" என்றார்.

"அண்ணா, வாசல்ல ஒரு ஸ்கூட்டர் நிக்குது. இன்ஜின் ஆறுற சத்தம் டிக் டிக்குங்குது. மாடியில யாரோ செருப்பைத் தேடறாங்க. உங்களைத்தான் கண்டுபிடிக்க முடியலை." அவள் கழற்றி வைத்தாள். "ஈ எனக்கு வேண்டாம். வேற காட்டுங்க."

ஐந்தாவதாக வந்தது, மேடையில் பேசுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் சாதாரண மைக். கிட்டப் போய்ப் பேசினால் கேட்டது, ஓரடி தள்ளி நின்றால் செவிடாகிவிட்டது.

"இதுதான்" என்றாள் பாப்பா.

"அது ஸ்டூடியோவுக்குக் கௌரவமா இருக்காதும்மா."

"கௌரவம் பதிவாகுமா?"

கடைக்காரர் பில் போட்டார். அந்த மைக், அதைக் கம்ப்யூட்டரோடு சேர்க்க ஒரு சின்னப் பெட்டி, ஹெட்போன் ஒன்று, சாஃப்ட்வேர். லேப்டாப் மட்டும் டெய்லர் மனைவியின் தம்பியிடமிருந்து இரவல்.

ட்ரையல் ரூமைத் தேர்ந்தெடுத்ததும் பாப்பாதான். தைத்து முடித்த கோட்டுகளும் ஓவர்கோட்டுகளும் மூன்று பக்கமும் நெருக்கமாகத் தொங்கின. உள்ளே போய் ஒரே ஒரு முறை கைதட்டினாள். சத்தம் துணிக்குள் போய்த் திரும்பி வரவில்லை. "பெரிய பெரிய ஸ்டூடியோவுல காசைக் கொட்டி இதைத்தான் கட்டறாங்கண்ணா" என்றாள். அன்றிலிருந்து டெய்லர் உள்ளே, பாப்பா வெளியே வெட்டுமேஜையில் லேப்டாப்போடு. ஆபரேட்டர் விரல் அல்லவா, எந்த விசைக்கு எது என்று நாலே நாளில் அத்துப்படியாகிவிட்டது. டெய்லர் ஒரு பக்கம் படிப்பார். அவள் கேட்பாள். "ஈட்டிய விடுப்புன்னு சொல்றப்ப எச்சில் முழுங்கிட்டீங்க, திரும்ப" என்பாள். திரும்பப் படிப்பார். திரும்பக் கேட்பாள்.

வாரியத்துக்கு முதல் மாதிரியாக முதல் விதியைக் கொடுக்க வேண்டும். பென் டிரைவில் ஒலி, கூடவே அந்த ஒலி கம்ப்யூட்டர் திரையில் எப்படித் தெரிகிறதோ, அந்த அலையின் படம் தாளில் அச்சாக. அன்றைக்குப் பார்த்து, பதிவின் நடுவே சைக்கிள் கடையில் ஒரு டயர் வெடித்தது. படத்தில் அந்த இடத்தில் அலை ஒரு தென்னைமர உயரத்துக்கு எழும்பி நின்றது. திரும்பப் பதிவு செய்ய நேரமில்லை. டெய்லர் அதையே எடுத்துக்கொண்டு போனார்.

குமாஸ்தா பென் டிரைவை ஒரு கவரில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார். தாளை மட்டும் எடுத்துப் பார்த்தார்.

"கேக்க மாட்டீங்களா?" என்றார் டெய்லர்.

"எதை?"

"சத்தத்தைங்க."

"இந்தக் கட்டடத்துல ஸ்பீக்கரே கிடையாது. ஒன்பது வருஷமா டெண்டர் போய்க்கிட்டிருக்கு." தாளைத் திருப்பிக் காட்டினார். "அலை பச்சையா இருக்கு. நீலமா இருக்கணும். படிவம் ஏழு, குறிப்பு மூணு."

"நடுவுல டயர் வெடிச்சதுங்க..."

"அதைப் பத்திக் குறிப்பு எதுவும் இல்ல." சிவப்பு மையில் 'தள்ளுபடி' என்று பெரிதாக எழுதி, அடியில் கோடு போட்டு, ஃபைலில் கோர்த்துவிட்டார்.

சாஃப்ட்வேரில் நிறத்தை மாற்றினார்கள். இரண்டாவது மாதிரியை வாரியத்தின் தொழில்நுட்ப ஆலோசகர் ஸ்கேலை வைத்து அளந்தார். "அலை நோஞ்சானா இருக்கு. பன்னெண்டு மில்லிமீட்டராவது எழும்பணும்" என்றார். சத்தத்தை ஏற்றினார்கள். மூன்றாவது மாதிரியில் அவர் சுட்டுவிரலால் ஒரு இடத்தைக் குத்தினார்.

"இங்க அலையே இல்லையே. இந்த இடத்துல என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

"முற்றுப்புள்ளிங்க."

"முற்றுப்புள்ளிக்கு இவ்வளவு இடமா? இதுவும் ஒலிநூல்தானே? ஒலி இல்லாத இடத்துக்கு நாங்க எப்படிச் சான்று குடுக்கறது? மூணு மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி கூடாது."

அன்று சாயங்காலம் பாப்பா அதுவரையான பதிவில் மூச்சு விட்ட இடம், நிறுத்தின இடம் எல்லாவற்றையும் வெட்டி நெருக்கிச் சேர்த்துப் பார்த்தாள். ஏலம் விடுகிறவரைத் துரத்திக்கொண்டு நாய் ஓடுவதுபோல இருந்தது.

"சான்று கிடைக்கறது எனக்குப் புரியாது. எனக்குப் புரியறதுக்குச் சான்று கிடைக்காது" என்றாள்.

டெய்லர் நாள்காட்டியைப் பார்த்தார். இருபத்தெட்டு நாள் இருந்தது.

"விடுங்கண்ணா. கேட்டுக் கேட்டுப் பழகிக்கறேன். நீங்க படிங்க."

இப்படியாக ஒவ்வொரு பக்கமும் பாப்பாவின் காதில் முதலில் டெய்லர் படித்தபடி, பிறகு திருத்திப் படித்தபடி, பிறகு வெட்டி நெருக்கினபடி என்று மூன்று நான்கு தடவை ஓடியது.

அடுத்தது இடத் தணிக்கை. ஆலோசகர் நேரில் வந்தார். ட்ரையல் ரூமை நீளம் அகலம் அளந்தார். கண்ணாடியைப் பார்த்து, "பிரதிபலிக்கும் பரப்பு கூடாது" என்று சொல்லி, அதைக் கழற்றுவதற்குள் அதிலேயே தலையைச் சீவிக்கொண்டார். தொங்கிய கோட்டுகளைக் காட்டி, "இதெல்லாம் என்ன?" என்றார்.

டெய்லர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாப்பா சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்துவிட்டார். "எதிரொலி வராம சத்தத்தை உறிஞ்சறதுக்குங்க."

ஆலோசகருக்குத் திருப்தி. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு சீட்டைக் கட்டி, ஒலி உறிஞ்சி எண் ஒன்று, இரண்டு என்று இருபத்திரண்டு வரை எழுதிக்கொண்டார். "சான்று வர்ற வரைக்கும் இதுல ஒண்ணுகூட இடம் மாறக் கூடாது. மாறினா பதிவு மொத்தமும் செல்லாது. சொல்லாம கொள்ளாம வந்து பார்ப்போம்."

அவர் போனபிறகுதான் டெய்லருக்கு உறைத்தது. இருபத்திரண்டும் வாடிக்கையாளர்களின் கோட்டுகள்.

முதல் ஒரு வாரம் பட்டன் வரவில்லை, லைனிங் துணி தீர்ந்துவிட்டது என்று ஓட்டினார். தெருவில் டெய்லர் கோட்டுகளை அடகு வைத்துவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதைக் கிளப்பியது யார் என்று இங்கே ஆராய வேண்டாம். எட்டாம் நாள், ஒலி உறிஞ்சி எண் பதினான்குக்குச் சொந்தக்காரர் வந்து வாசலில் நின்றார். அவர் கல்யாண மாப்பிள்ளை.

"நாளைக்குக் காலையில கல்யாணம். கோட்டு எங்க?"

"தைச்சு ரெடியா இருக்குங்க."

"குடுங்க."

"குடுக்க முடியாதுங்க. அது சத்தத்தை உறிஞ்சிக்கிட்டிருக்கு."

மாப்பிள்ளை டெய்லரைப் பார்த்தார், டெய்லரின் மனைவியைப் பார்த்தார். "நான் என்ன பனியனோட போய்த் தாலியக் கட்டறதா?" என்று கத்தினார். சைக்கிள் கடைக்காரர் ரிம்மை உருட்டிக்கொண்டே வந்துவிட்டார். நாமும்தான்.

டெய்லர் ஒரு கையால் கோட்டைப் பிடித்துக்கொண்டார். இதைக் கொடுத்தால் பாப்பாவின் வேலை போகும், கொடுக்காவிட்டால் ஒரு கல்யாணம். 

"குடுத்துடுங்கண்ணா" என்றாள் பாப்பா உள்ளேயிருந்து. "கோட்டு இல்லாம என் வேலை நிக்கட்டும். அவர் கல்யாணம் நிக்க வேண்டாம்."

கொடுத்தார். மறுநாள் மத்தியானமே திருப்பிக் கொண்டுவந்து தரவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, தெருமுனையில் ஆலோசகரின் தொப்பி தெரிந்தது. டெய்லரின் கை கத்தரிக்கோலோடு அப்படியே நின்றுவிட்டது. அவர் மனைவி ஓடிப்போய்த் தன் குளிர்காலக் கோட்டை எடுத்து வந்து பதினாலாம் கொக்கியில் மாட்டினாள். மாட்டி முடிக்கும்போது ஆலோசகர் உள்ளே இருந்தார்.

எண்ணிக்கொண்டே வந்தார். பன்னிரண்டு. பதின்மூன்று. நின்றார்.

"பதினாலு கறுப்புன்னு குறிச்சிருக்கேன். இது சிவப்பா இருக்கே?"

 டெய்லரின் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏங்க, பத்து நாளா ராப்பகலா சத்தத்தை உறிஞ்சுது. நிறம் மாறாதா?"

ஆலோசகர் அவளைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். அதன் கையை மோந்து பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து நிதானமாக எழுதினார்: 'எண் 14: தொடர் ஒலி உறிஞ்சலால் நிறமாற்றம். இயல்பானதே.'

பிறகு வந்தது விசாரணை. வாரியத் தலைவர் முன்னால் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் டெய்லர் உள்ளே நிற்பார், பாப்பா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கதவுக்கு மேல் இருந்த சின்ன ஜன்னல் வழியாக எல்லாம் கேட்கும். டெய்லர் வாயைத் திறப்பதற்குள் தலைவர் தன் ஆண்டுவிழா உரையை ஆரம்பித்துவிடுவார்.

"இருபத்திரண்டு வருஷமா இந்த வாரியத்து மேல ஒரு புகார்கூடக் கிடையாது. ஏன்? காது ஏமாத்தும். ஒருத்தருக்கு இனிமை, இன்னொருத்தருக்கு இரைச்சல். கண்ணு ஏமாத்தாது. ஆறு மில்லிமீட்டர்னா எல்லாருக்கும் ஆறு மில்லிமீட்டர். நான் பதவிக்கு வந்த அன்னிக்கே ஒரு சபதம் எடுத்தேன். ஒரு ஒலிநூலைக்கூடக் கேக்க மாட்டேன். கேட்டா எனக்குப் பிடிச்சுப் போயிடும். பிடிச்சுப் போச்சுன்னா நடுநிலை போயிடும்." இங்கே ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். "பயனாளிகளுக்குப் புரியுதான்னு சிலபேர் கேக்கறாங்க. அது பயனாளிகளோட துறை."

மூன்றாம் முறை வெளியே வந்தபோது பாப்பா, "மூணு தடவையும் 'நடுநிலை போயிடும்'க்கு அப்புறம்தான் தண்ணி குடிச்சார்ண்ணா" என்றாள். டெய்லர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவர் மனதில் ஓடியதெல்லாம் இன்னும் ஐந்து நாள் என்பதுதான்.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் சான்று கிடைத்தது. ஐந்து கட்டாக ஆயிரத்து எண்ணூற்று அறுபது தாள், ஒவ்வொன்றிலும் முத்திரை. எல்லாம் நல்ல நீலம். கூடவே அரக்கு வைத்த கவருக்குள் பென் டிரைவ்.

"இதைப் பிரிச்சுக் கேட்டுக்கலாம் இல்லீங்களா?" என்றார் டெய்லர்.

"முத்திரையை உடைச்சா சான்று செல்லாது" என்றார் குமாஸ்தா.

"அப்ப நாளைக்கு ஹால்ல அவ எதைக் கேக்கறது?"

குமாஸ்தா சான்றைப் படித்துக் காட்டினார். "'இணைக்கப்பட்ட தாள்கள் தரமானவை.' அதைத் தாராளமா பயன்படுத்திக்கலாம்."

வீட்டுக்கு வந்த டெய்லர் வாசலில் வைத்து, "பாப்பா, பேப்பரைத்தான் குடுத்திருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அவள் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு, "பேப்பராவது இருக்கே. வெறுங்கையோட போனா உள்ளேயே விட மாட்டாங்க" என்றாள்.

மறுநாள் ஐந்து கட்டுகளையும் கோட்டு உறைகளில் போட்டுத் தோளில் சுமந்துபோய் டெய்லர் ஹாலுக்குள் வைத்தார். தாள் எடுத்துக் கொடுக்க ஒரு பியூனை நியமித்திருந்தார்கள். பாப்பாவுக்கு வழக்கமான டைப்ரைட்டர். கேள்விகளை ஒருவர் வாசித்துக் காட்டினார். டெய்லர் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாப்பா டைப் அடிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. அரைமணி நேரம் கழித்து மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து, அவள் அடித்த தாளை எட்டிப் பார்த்தார். அச்சடித்த புத்தகத்தோடு ஒப்பிட்டார். முகம் இறுகியது.

"வரிக்கு வரி அப்படியே இருக்கு. ஆனா நீங்க புத்தகத்தைத் தொடவே இல்லையே?"

"ஞாபகம் இருக்கு சார்."

"அதான் பிரச்சனை. இது பார்த்து எழுதற தேர்வு. பார்க்காம எழுதினா முறைகேடு. எழுந்திரிங்க."

 பதினாறு வருட வேலை ஒரு நாற்காலி நகரும் சத்தத்தில் போய்விடும்போலிருந்தது. பாப்பா எழுந்திருக்கவில்லை. பியூன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, மூணாவது கட்டுல இருபத்தேழாவது தாளை எடுங்க."

பியூன் எடுத்து வைத்தார். பாப்பா சுட்டுவிரலை நீல அலையின் மேல் வைத்து இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினாள். "விதி எழுபத்தொன்பது, உட்பிரிவு இரண்டு" என்று ஆரம்பித்து, கடைசிவரை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். மேற்பார்வையாளர் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் பாப்பா வாயில் வந்த எண்ணைச் சொல்லி ஒரு தாள் கேட்டாள். பியூனுக்குத் தோள் வலி எடுத்துவிட்டது.

ஆனால் மேற்பார்வையாளர் அறிக்கை எழுதிவிட்டார்: 'தேர்வர் ஒலியலையை விரலால் படிக்கிறார்.' துறை குழம்பிப்போய், வாரியம் உறுதி செய்யும்வரை தேர்வு முடிவை நிறுத்தி வைத்தது. வாரியம் குழம்பவில்லை, குதூகலித்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஓலை வந்தது: தலைவர் முன்னிலையில் செய்துகாட்ட வேண்டும்.

ஹாலில் நாற்பது நாற்காலி. தலைவருக்கு மாலை. "அலையையே படிக்க முடியும்னா ஒலி எதுக்கு?" என்றார் அவர். "இனிமே ஒலிநூல் எல்லாம் தாளாத்தான் வரும். இந்த அம்மா அதுக்கு அத்தாட்சி. ஆனா மனப்பாடம்னு யாரும் சொல்லிடக் கூடாது. அதனால இவங்க பார்க்காத தாளைக் குடுக்கறோம். நாலாம் கவுண்டர், என் ஆண்டுவிழா உரையோட அலைத்தாளை எடுத்துட்டு வாங்க!"

குமாஸ்தா எழுந்துபோனார். கால்மணி நேரம் ஆயிற்று. பக்கத்து அறையில் அலமாரி திறப்பதும் மூடுவதுமாகக் கேட்டது, தேடியது அகப்படவில்லைபோல. திரும்பி வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு தாளைக் கவிழ்த்துக் கொண்டுவந்து பாப்பாவின் முன்னால் நிமிர்த்தி வைத்தார்.

தாள் பச்சையாக இருந்தது.

டெய்லர் எட்டிப் பார்த்தார். இவர்களுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே விஷயம் நிறம். பச்சைக்கு நடுவே சிவப்பு மையில் 'தள்ளுபடி' என்று வேறு. இப்போது எவர் குனிந்து பார்த்தாலும் முடிந்தது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

யாரும் தாளைப் பார்க்கவில்லை. எல்லாரும் பாப்பாவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விரல் நகர்ந்தது. பாப்பா குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, தலைவரைப் போலவே இழுத்து ஆரம்பித்தாள். "இருபத்திரண்டு வருஷமா இந்த வாரியத்து மேல ஒரு புகார்கூடக் கிடையாது. ஏன்? காது ஏமாத்தும்..."

தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"...பிடிச்சுப் போச்சுன்னா நடுநிலை போயிடும்." விரல் நின்றது. "இந்த இடத்துல ஒரு வாய் தண்ணி குடிக்கிறீங்க சார்."

"குடிப்பேன்!" என்று தலைவர் எழுந்தேவிட்டார். கண் கலங்கியிருந்தது. "தண்ணி குடிச்சதுகூடத் தெரியுதே! நான் சொன்னேனே, கண்ணு ஏமாத்தாது!" ஆலோசகர் தலைவரைப் பார்த்துக்கொண்டே தாளை வாங்கி அடியில் ஒரு கையெழுத்து, முத்திரை. தலைவர் ஒரு கையெழுத்து. குமாஸ்தா அதை வாங்கி மடித்து, முதல் முறையாக டெய்லரை நிமிர்ந்து பார்த்து, ஃபைலுக்குள் சொருகிக்கொண்டார். முடிவை வெளியிடலாம் என்று துறைக்குக் கடிதம் அங்கேயே டைப் ஆனது. ஐந்து ஆபரேட்டர்களில் பாப்பாதான் முதல்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"என்னண்ணா, உள்ள உங்க மூச்சே கேக்கலை? எனக்கே பயமா போச்சு."

"தாள் பச்சை, பாப்பா."

அவள் நின்றாள். "நீலம் இல்ல?"

"பச்சை. நம்ம மொதல் தாளு. தள்ளுபடின்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சே, அதேதான்."

"அப்ப விதி ஒண்ணுதானா அதுல இருந்தது?"

"விதி ஒண்ணு. அப்புறம்..." டெய்லருக்குச் சிரிப்பு வந்து வார்த்தையை மறித்தது. பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றி, போயும்விட்டது. இருவரும் ஏறவில்லை. "நீ விரலை நிறுத்தி தலைவர் தண்ணி குடிக்கிறார்னு சொன்னியே, அந்த இடத்துல..."

"சொல்லுங்கண்ணா!"

"அந்த இடத்துலதான் பாப்பா, சைக்கிள் கடையில டயர் வெடிச்சுது."